சைரன் அண்ணன் வாயை மூடிய நாள்

எலும்பு வார்டில் பதினெட்டுக் கட்டில்கள். அன்றைக்குப் பதினெட்டிலும் ஆள் இருந்தது. மூன்று நர்சுகள் ஓட வேண்டிய இடத்தில் ஒருத்தி லீவு, இன்னொருத்தியை ஆபரேஷன் தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது சிட்டு மட்டும்தான். மேசையில் ஹெட் சிஸ்டர் இருந்தார். ஆனால் அவர் கோப்புகளிலிருந்து தலையை நிமிர்த்துவதே அபூர்வம்.

சிட்டு என்பது வார்டு வைத்த பெயர். ஒல்லி உடம்பு, நடப்பது கிடையாது, பறப்பதுதான். பதினான்கு வருஷமாக ஒடிந்த எலும்புகளோடு குடித்தனம் நடத்துகிறவள். முதுகெலும்பில் அடிபட்டவரைக் கழுத்து திரும்பாமல், இடுப்பு முறுக்காமல், மரக்கட்டையைப் புரட்டுவதுபோல ஒரே வீச்சில் புரட்டத் தெரியும். காலில் கட்டித் தொங்கவிட்ட எடை தரையைத் தொட்டால் வாசலிலிருந்தே கண்டுபிடிப்பாள். படுத்தே கிடப்பவர்களின் குதிகாலில் புண் வருவதற்கு ஒரு நாள் முன்பே அந்தச் சிவப்பு அவள் கண்ணில் பட்டுவிடும். "நம்ம சிட்டு கண்ணுல மண்ணைத் தூவ முடியாது" என்று ஹெட் சிஸ்டரே சொல்வார். அப்பேர்ப்பட்டவள்தான் அன்று தன் கண்ணில் தானே மண்ணைத் தூவிக்கொண்டாள்.

ஒன்பதாம் கட்டிலுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒருவர் வந்து சேர்ந்திருந்தார். கட்டடங்களுக்கு வெள்ளையடிக்கிற பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டும் முறிந்திருந்தன. பெரிய டாக்டர் எலும்பை நேராக்கி, தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு போட்டுவிட்டார். வெளியே எட்டிப் பார்த்தவை ஐந்து விரல்கள் மட்டும்தான்.

ஆள் வந்த அரை மணி நேரத்தில் வார்டு அவருக்கும் பெயர் வைத்துவிட்டது. சைரன். ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றினால் கத்துவார். தெர்மாமீட்டரை நீட்டினால் கத்துவார். பக்கத்துக் கட்டில்காரருக்கு ஊசி போட்டால் அதற்கும் இவர்தான் கத்துவார். "ஐயோ அம்மா, செத்தேனே" என்ற குரல் கீழே மருந்துக்கடைவரை கேட்கும் என்று சொல்லிச் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நல்ல மனுஷன், வலி மட்டும் ஆகாது.

புதிதாக மாவுக்கட்டு போட்டவர்களுக்கு வார்டில் ஒரு சட்டம் உண்டு. மணிக்கு ஒரு தடவை அந்த ஐந்து விரல்களைப் பார்க்க வேண்டும். மேலேயும் கீழேயும் ஆட்டச் சொல்ல வேண்டும். நகத்தை அழுத்திவிட்டு நிறம் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். விரலிடுக்கில் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா, வலி கூடியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். பிறகு கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் தாளில் நேரம் போட்டு டிக் அடிக்க வேண்டும். அதை 'விரல் தாள்' என்பார்கள். காலையில் பத்து மணிக்குச் சிட்டு எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். விரல்கள் ஆடின. வலிக்கிறதா என்றதற்குச் சைரன் அண்ணன் ஒரு பாட்டம் கத்தினார். அவர் கத்தாவிட்டால்தானே அதிசயம்.

பத்தரை மணிக்குப் பத்தாம் கட்டில் வாத்தியார் கையைத் தூக்கிக் கூப்பிட்டார். இடுப்பு மூட்டு மாற்றி நாலு நாள் ஆனவர்; இரண்டு தொடைக்கும் நடுவே தலையணை வைத்து அசையாமல் படுத்திருந்தார்.

"சிஸ்டர், ராத்திரி பூரா கண்ணு மூடல. இவரு கொஞ்சம் ஓயக் கூடாதா?"

சிட்டுவுக்கு அப்போது ஒரு கையில் பெட்பேன், இன்னொரு கையில் இரண்டு பேருடைய மாத்திரை. எரிச்சல் தலைக்கேறியது.

"அண்ணே, ரெண்டு பிள்ளை பெத்தவர்தானே நீங்க?" என்றாள் சைரன் அண்ணனைப் பார்த்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி. "பக்கத்துல ஒருத்தர் இடுப்பையே கழட்டி மாட்டிட்டு வாயைத் திறக்காம படுத்திருக்கார். நீங்க ஒரு காலுக்கு ஊரையே கூட்டுறீங்க. கொஞ்சம் வாயை மூடிட்டுப் பொறுத்துக்கத்தான் பாருங்களேன்."

வார்டே சிரித்தது. சைரன் அண்ணனும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

பதினோரு மணிக்குச் சிட்டு அந்தப் பக்கம் வந்தாள். முகத்தில் துண்டு, மார்பு ஏறி இறங்குகிறது. தூங்குகிறார், பாவம், தூங்கட்டும் என்று நினைத்தாள். வலிக்காரன் தூங்கும்போது எழுப்புகிறவள் பாவி என்பது நர்சுகள் நடுவே பழைய பேச்சு. தாளை எடுத்தாள். 'விரல் அசைகிறது, நிறம் நன்று, வலி குறைவு.' டிக் அடித்தாள். பன்னிரண்டு மணிக்கும் துண்டு அப்படியே கிடந்தது; மேலே எழுதியதையே கீழேயும் எழுதினாள். ஒரு மணிக்கு மூன்றாம் கட்டிலில் ஒரு தாத்தாவை முதல் தடவையாக வாக்கரில் நிற்க வைத்துக்கொண்டிருந்தாள். அதை முடித்துவிட்டுப் போகிற போக்கில் தாளை எட்டி எடுத்து டிக் போட்டாள். கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் போகவே இல்லை.

ஒன்றேகால் மணிக்குப் பார்வையாளர்களை உள்ளே விட்டார்கள். சைரன் அண்ணனின் மனைவி, தையல் கம்பெனியில் வேலை பார்ப்பவர், சாப்பாட்டுப் பையோடு வந்தார். "என்ன, இன்னிக்கு வாசல்வரை சத்தத்தையே காணோம்" என்று சிரித்துக்கொண்டே துண்டை இழுத்தார்.

"சிஸ்டர்! இங்க ஓடி வாங்களேன்! இவருக்கு என்னமோ ஆயிடுச்சு!"

சிட்டு ஓடினாள். சாம்பல் பூத்த முகம். நெற்றியிலிருந்து வியர்வை காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. துண்டின் ஒரு முனை வாயில் இருந்தது. கடித்துக் கடித்து அது நார் நாராகக் கிழிந்திருந்தது. மூன்று மணி நேரமாக அந்த மனுஷன் தூங்கவே இல்லை.

"ஏன் அண்ணே கூப்பிடல?"

"நீங்கதானே... பொறுத்துக்கச் சொன்னீங்க" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

சிட்டு கால்மாட்டுக்குப் போனாள். விரல்கள் வீங்கி மினுமினுத்தன.

"கட்டை விரலை மேல தூக்குங்க, அண்ணே."

விரல் அசையவில்லை.

"தூக்குங்க."

"தூக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார்.

சிட்டு குனிந்தாள். கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தன் சுண்டு விரலை வைத்து அழுத்தினாள். "நான் எங்க தொடுறேன், சொல்லுங்க?"

"தொட்டுட்டீங்களா?" என்று கேட்டார் அவர்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாகவாவது இருந்திருப்பாள். எலும்பு ஒடிந்த இடம் உள்ளே வீங்கும். வெளியே மாவுக்கட்டு கல்லாக நிற்கும். வீக்கத்துக்குப் போக்கிடம் இல்லாமல் அது தசையையும் நரம்பையும் நெரிக்கும். அஞ்சாறு மணி நேரம் நெரித்தால் தசை செத்துப்போகும், செத்த தசையை எந்தச் சாமியும் எழுப்பாது. படிக்கிற காலத்தில் இப்படிக் கவனிக்காமல் விட்ட ஒரு பெண்ணின் கையைப் பார்த்திருக்கிறாள். விரல்களெல்லாம் கோழிக்கால்போல உள்நோக்கி மடங்கி, அந்தப் பெண் மற்றொரு கையால் அவற்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் கை இப்போது கண்முன்னால் வந்து நின்றது. ஓடிப்போய் எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஆனால் கைகள் பழகிய கைகள். காலுக்கு அடியில் உயரமாக அடுக்கியிருந்த தலையணைகளை உருவி, காலை நெஞ்சு மட்டத்துக்கு இறக்கினாள். காலைத் தூக்கி வைத்தால் வரும் கொஞ்ச ரத்தமும் வராது. "சாப்பாடு வேண்டாம்க்கா, தண்ணிகூடக் குடுக்காதீங்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டாள்.

டியூட்டி டாக்டர் வேலையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வந்தார், விரலைத் தொட்டார், தாளைப் பார்த்தார்.

"விரல் சூடாத்தானே இருக்கு, சிஸ்டர். நகத்துல ரத்தமும் திரும்புது. ஒரு மணிக்கு எல்லாம் நல்லா இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இவர் எப்பவுமே இப்படித்தானாமே? ஒரு வலி ஊசி போடுங்க. தலையணையை ஏன் எடுத்தீங்க? திரும்ப வைங்க."

"டாக்டர், வேண்டாம். இதைப் பாருங்க" என்று சிட்டு அந்தக் கட்டை விரலைப் பிடித்து மெதுவாக, ஒரு நூல் அளவுதான், கீழே வளைத்தாள்.

வார்டு அதுவரை கேட்டதெல்லாம் சத்தமே இல்லை. இது வேறு. சுவரில் மோதித் திரும்பிய அந்த அலறலில் வாத்தியார் அசையக் கூடாத இடுப்போடு எழப் பார்த்தார். ஹெட் சிஸ்டர் மேசையைவிட்டு ஓடி வந்தார். டியூட்டி டாக்டரின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. மறு பேச்சுப் பேசாமல் தியேட்டருக்குப் போன் போட்டார்.

பெரிய டாக்டர் ஒரு கேஸை முடித்துவிட்டு, அடுத்த கேஸுக்குக் கை கழுவ நின்றிருந்தார். அது முதுகெலும்பு ஆபரேஷன். உள்ளே போனால் மூன்று மணி நேரத்துக்கு வெளியே வர மாட்டார். தியேட்டர் நர்ஸ் போனை அவர் காதில் பிடித்திருக்க வேண்டும். டியூட்டி டாக்டர் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெரிய டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"விரல் கடைசியா எப்ப ஆடுச்சு?"

"தாள்ல ஒரு மணின்னு இருக்கு, சார்."

"அப்ப அரை மணி நேரம்தான். இன்னும் டைம் இருக்கு. மாவுக்கட்டை முழுக்கப் பிளந்துவிடுங்க. இந்த கேஸை முடிச்சிட்டு வந்து பாக்கறேன்."

சிட்டு கணக்குப் போட்டாள். அரை மணி நேரம் இல்லை. பத்து மணிக்கு ஆடிய விரல் எப்போது நின்றது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. பத்தரைக்கே நின்றிருந்தால் மூன்று மணி நேரம் போய்விட்டது. இன்னும் மூன்று மணி நேரம் போனால் கால் கட்டைதான்.

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். பார்க்காமல் டிக் போட்டவளை எந்த ஆஸ்பத்திரியும் மடியில் வைத்துக் கொஞ்சாது. பதினான்கு வருஷத்துப் பெயர் ஒரு நொடியில் நாறிப்போகும். ஹெட் சிஸ்டர் எதிரில் நிற்கிறார். நோயாளியின் மனைவி இரண்டடி தூரத்தில் புருஷனின் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நர்ஸ் சரியாகப் பார்த்தாள், திடீரென்று வந்துவிட்டது, விதி என்று ஊரே சொல்லிவிடும். இந்த நினைப்பும் அவளுக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

டியூட்டி டாக்டர் போனை வைக்கப் போனார். சிட்டு அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"டாக்டர், வச்சிடாதீங்க. அந்த டிக் பொய்." குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "பதினோரு மணி, பன்னெண்டு, ஒண்ணு, மூணுமே பொய். தூங்கறார்னு நினைச்சு நான் தொட்டே பாக்கல. பத்து மணிக்குப் பாத்ததுதான் கடைசி."

போனில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"டேபிள்ல இருக்கறவரை இறக்குங்க" என்று அங்கே யாரிடமோ சொன்னார் பெரிய டாக்டர். அப்புறம் இங்கே: "கட்டைப் பிளந்துட்டு உடனே மேல கொண்டு வாங்க. உடனே."

மாவுக்கட்டு வெட்டுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். மெஷினைச் சிட்டுவே எடுத்து வந்தாள். அது வட்டத் தகடு வைத்தது, அதிருமே தவிரச் சுற்றாது, தோலை வெட்டாது. நூறு பேருக்கு அதைச் சொல்லித் தைரியம் கொடுத்திருக்கிறாள். இன்று அதைத் தனக்கே சொல்லிக்கொண்டாள். டியூட்டி டாக்டர் காலைப் பிடித்துக்கொள்ள, தொடையிலிருந்து பாதம்வரை இரண்டு பக்கமும் வெட்டினாள். உள்ளே சுற்றிய பஞ்சையும் கத்தரியால் தோல்வரை பிளந்தாள். பஞ்சில் ஒரு சுற்று மிச்சம் இருந்தாலும் அது கயிறு மாதிரி இறுக்கும். கட்டு விரிந்ததும் கால் வெளியே பிதுங்கியது. தொட்டால் மேளத்தைத் தொட்ட மாதிரி இருந்தது. விரல் அப்போதும் ஆடவில்லை.

கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். லிஃப்டில் சைரன் அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், காலை எடுத்துடுவாங்களா? நான் சாரத்துல ஏறணுமே" என்றார். சிட்டு லிஃப்டின் பட்டனை மறுபடியும் அழுத்தினாள்.

தியேட்டர் கதவு மூடியது. வெளியே பெஞ்சில் மனைவியோடு உட்கார்ந்தாள். அந்தக் களேபரத்தில் போனில் பேசியது அந்த அம்மாவின் காதில் விழவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நீங்க மட்டும் இல்லன்னா என்ன ஆகியிருக்கும்" என்று அவர் சிட்டுவின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்லுவாங்க. இந்த மனுஷன் இன்னிக்குன்னு பாத்து ஏன்தான் வாயை மூடிக்கிட்டாரோ."

தேள் கொட்டியதுபோலச் சிட்டு கையை இழுத்துக்கொண்டாள். ஆனால் அன்று அந்த அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. பயந்தாள், அவ்வளவுதான்.

உள்ளே காலின் இரண்டு பக்கமும் நீளமாகக் கீறி, தசையைப் போர்த்தியிருந்த உறையைத் திறந்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பெரிய டாக்டர் வெளியே வந்தார். காலை எடுக்க வேண்டாம் என்றார். பின்பக்கத் தசை நன்றாகச் சிவந்திருக்கிறது. முன்பக்கம், விரலைத் தூக்குகிற தசை மட்டும் மங்கலாக இருக்கிறது. அது பிழைக்குமா என்று இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். பிழைக்காவிட்டால் பாதம் தொங்கிப்போகும், சாரத்துப் பக்கமே போக முடியாது. மனைவியிடம் இதைச் சொல்லிவிட்டுச் சிட்டு பக்கம் திரும்பினார்.

"நடந்ததை நடந்தபடி எழுதிக் குடுங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

எழுதிக் கொடுத்தாள். விசாரணை முடியும்வரை அவளை எலும்பு வார்டிலிருந்து மாற்றி, வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் இடத்தில் உட்கார வைத்தார்கள். இரண்டு ராத்திரியும் அவள் தூங்கவில்லை. கண்ணை மூடினால் "தொட்டுட்டீங்களா?" என்ற குரல் கேட்டது. மூன்றாம் நாள் காலை ரவுண்டில் பெரிய டாக்டர் எவ்வளவோ கேட்டும் கட்டை விரல் மேலே வரவில்லை என்று ஹெட் சிஸ்டர் போனில் சொன்னார். சிட்டு பேனாவை மூடி வைத்தாள். மதியம் பார்வையாளர் நேரத்தில், மற்றவர்களைப் போல வரிசையில் நின்று மேலே போனாள்.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கால், பின்பக்கம் மட்டும் போட்ட பாதி மாவுக்கட்டின் மேல் பஞ்சும் துணியுமாகக் கிடந்தது; விரல்கள் வெளியே இருந்தன. "வாங்க சிஸ்டர், எங்க ஆளையே காணோம்?" என்றார் சைரன் அண்ணன். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். அக்கா, நீங்களும் கேளுங்க" என்று கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அதட்டியதிலிருந்து மூன்று டிக்வரை ஒன்று விடாமல் சொன்னாள். மன்னிச்சிடுங்க என்று கேட்கவில்லை. கேட்கிற தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை.

அன்றைக்கு இருந்த வலியில் அவர் காதில் எதுவும் விழுந்திருக்கவில்லை; முதலில் அவருக்குப் புரியவே இல்லை. பிறகு முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

"பாக்காமயே எழுதினீங்களா?" என்றார். "நான் துண்டைக் கடிச்சிட்டு உள்ள செத்துட்டிருந்தேன். நீங்க 'வலி குறைவு'ன்னு எழுதிட்டிருந்தீங்களா? கண்ணு என்ன முதுகுலயா இருந்துச்சு? எல்லார் முன்னாடியும் என்னைக் கேலி பண்ணி வாயை மூட வச்சீங்களே, நான் என்ன விளையாட்டுக்கா கத்தினேன்? காலுங்க! இந்தக் காலை ஊணித்தான் மூணாவது மாடியில நிக்கறேன்! யார் குடுப்பா எனக்குக் காலு? நீங்க குடுப்பீங்களா? உங்க தாள் குடுக்குமா?"

குரல் ஏறிக்கொண்டே போனது. வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. புதிதாக வந்திருந்த நர்ஸ் ஓடி வர, ஹெட் சிஸ்டர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். மனைவி தலையைக் குனிந்துகொண்டார். சிட்டு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணைத் தாழ்த்தினாள். தாழ்த்திய கண் விரல்களில் போய் நின்றது.

கட்டை விரல் அசைந்தது.

கட்டில் ஆடியதில் அசைந்திருக்கும் என்று நினைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். "சொல்லுங்க, குடுப்பீங்களா?" என்று அவர் மறுபடி கத்தியபோது கட்டில் ஆடவில்லை. விரல் தானாகவே மேலே வந்தது. அரிசி அளவுதான். வந்து, நடுங்கி, ஒரு நொடி நின்று இறங்கியது.

சிட்டு கைகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று வழிந்தது. அதைப் பார்த்ததும் சைரன் அண்ணன் பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டார். நல்ல மனுஷன், பிறர் அழுதால் தாங்க மாட்டார். அவர் நிறுத்தியதும் விரலும் நின்றுவிட்டது.

"ஐயோ, அண்ணே, நிறுத்தாதீங்க" என்றாள் சிட்டு, விரலைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். இன்னும் நல்லாத் திட்டுங்க."